ஏற்றத்தில் நாற்பது கிலோ

ஆண்டாயி அம்மாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அவருடைய விரல்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொழுந்துக் கறை ஏறி நகத்தோரம் கறுத்து, நுனி காய்த்துப்போன விரல்கள். அறுவை அரங்கில் நோயாளியின் சுட்டுவிரலில் நாடி பார்க்கும் ஒரு கிளிப் மாட்டுவோம். அவர் சுட்டுவிரலில் அது எண் காட்டவில்லை. நடுவிரலிலும் இல்லை. நான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரே வழி சொன்னார்.

"கொழுந்து கிள்ளாத வெரலாப் பாத்து மாட்டு பிள்ள."

மோதிர விரலில் மாட்டினேன். எண் வந்தது.

நான் மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியன். படித்து முடித்துப் பத்து மாதம் ஆகிறது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். குன்னூருக்கு மேலே இருக்கும் ஒரு மருத்துவமனையில் வேலை. கருவிகளைத் தயார் செய்வது, மருந்துகளைப் பெயர் எழுதி அடுக்குவது, அறுவை நடக்கும்போது எண்களைக் குறிப்பது, முடிந்த பிறகு நோயாளி முழுதாகத் தெளியும்வரை பக்கத்தில் நின்று வலி எவ்வளவு என்று கேட்டு எழுதுவது. இவையே என் வேலை. எளிய வேலை என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

ஆண்டாயி அம்மா பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். நாற்பத்தொன்பது வயது, நாற்பத்தோரு கிலோ. ஆறு வயதில் இலங்கையில் அட்டன் பக்கத்திலிருந்து தாய் தகப்பனோடு கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு மலைக்கு வந்தவர். கப்பலைப் பற்றிக் கேட்டால் யாரோ கொடுத்த பிஸ்கட்டை வாந்தி எடுத்தது மட்டும் நினைவிருக்கிறது என்பார். கணவர் பழனியாண்டி தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பிரிவில் இருக்கிறார். மூன்று பிள்ளைகள். இரண்டு பேர் திருப்பூரில், ஒருத்தி சேரம்பாடியில்.

நான்கு வருடமாக அவருக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையில் கட்டிகள். மாதம் பத்து நாள் என்று தொடங்கியது இருபது நாளில் வந்து நின்றது. மேட்டில் ஏறினால் கண் இருட்டும். அப்படியே செடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள் என்னவென்று கேட்டால், செடிக்கு அடியில் பாம்பு போன மாதிரி இருந்தது என்பார். நாலு வருடத்தில் அந்த மலையில் பாம்பு அதிகம் என்று பேராகிவிட்டது. புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் அந்தப் பக்கம் போகவே பயந்தார்களாம். இதைச் சொல்லும்போது அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அறுவைக்கு ஏன் இத்தனை நாள் தள்ளிப் போட்டார் என்பதையும் அவரே சொன்னார். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு ஒரு முகாமில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டார். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்றார்கள். ஊசி போட்டார்கள். அது பிடிப்பதற்குள் வயிற்றைத் திறந்துவிட்டார்கள். கத்தினால், பிள்ளை பெறும்போது தெரியவில்லையா என்று திட்டு விழுந்தது. பக்கத்து மேசையில் அடுத்தவள் காத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டதாகச் சொன்னார். இருபத்து மூன்று வருடம் ஆகியும், எறும்பு என்று யாராவது சொன்னால் அவருக்கு வயிறு இழுத்துக்கொள்கிறது.

அதனால் இந்த முறை அவர் ஒரே ஒரு நிபந்தனையோடு வந்திருந்தார். நோகக் கூடாது.

அறுவைக்கு முதல் நாள் மத்தியானம், மயக்க மருந்து டாக்டர் ஷைனாவும் நானும் அவரைப் பார்க்க வார்டுக்குப் போனோம். ஷைனா டாக்டருக்குச் சொந்த ஊர் கூடலூர். அவர் தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும். "ஒண்ணும் பேடிக்காதீங்க அம்மா" என்று கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினார். இந்த அறுவைக்கு வழக்கமாக முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்போம். இவருக்குக் கட்டி பெரிது, நேரம் ஆகும். விழித்துக்கொண்டு கிடக்க ஏலாது என்று அவரும் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆகவே முழு மயக்கம்.

அப்போது ஆண்டாயி அம்மா ஒரு கேள்வி கேட்டார். படித்த யாரும் அதுவரை எங்களிடம் அதைக் கேட்டதில்லை.

"மயக்கத்துல கெடக்கயில நொந்தா எனக்குத் தெரியுமா டாக்டர்?"

உங்களுக்குத் தெரியாது, ஆனால் உடம்புக்குத் தெரியும் என்றார் ஷைனா டாக்டர்.

"ஒடம்புக்குத் தெரிஞ்சா அது எனக்குத் தெரிஞ்ச மாதிரித்தானே."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தள்ளுவண்டியில் இருந்த சின்னக் கருவியை எடுத்துக் காட்டினேன். ஆறு மாதப் பரிசோதனைக்காக எங்களிடம் வந்திருந்த கருவி அது. விரல் கிளிப்பில் ஓடும் நாடித்துடிப்பின் அலையையும், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் பார்த்து நூறுக்குள் ஒரு எண் கொடுக்கும். மயக்கத்தில் இருப்பவரின் உடம்பு கத்தியை எவ்வளவு உணர்கிறது என்பதற்கான குறிப்பு அது. எண் இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருந்தால் சரி. மேலே ஏறி நின்றால் வலி மருந்தைக் கூட்ட வேண்டும். மிகவும் கீழே இருந்தால் குறைக்க வேண்டும். ரத்தம் குறைந்த சின்ன உடம்புக்கு மருந்து கூடிவிட்டால் எழுந்த பிறகு மூச்சு மந்தமாகும், குமட்டும். குறைந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அரங்கில் எல்லோரும் அதை வலிப்பெட்டி என்போம். நானும் அப்படியே சொன்னேன். இது உங்கள் வலியைக் காட்டும் பெட்டிங்க.

அவர் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். "வலியா? இந்த வயசுல வலிய எதுக்குப் பாக்கணும்?"

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நானும் சிரித்தேன். அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

டாக்டர் போன பிறகு அவர் என் கையைத் தொட்டார். அந்தப் பெட்டியை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன். கண்ணை எடுக்காமல் பார்ப்பாயா என்றார். எடுக்க மாட்டேன், நோகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அப்படி வாக்குக் கொடுக்கும் உரிமை எனக்குக் கிடையாது. மருந்து கொடுப்பவர் டாக்டர். ஆனாலும் கொடுத்தேன்.

"நீ எந்தப் பக்கம் பிள்ள?"

"குன்னூருங்க" என்றேன். என் வாடகை அறை குன்னூரில் இருப்பது உண்மை. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை.

காலை ஒன்பதரைக்கு அறுவை தொடங்கியது. கதை சொல்லும் அளவுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நான் எண்ணைப் பார்த்தேன், எழுதினேன், மறுபடி பார்த்தேன். முப்பத்தொன்று, முப்பத்து நான்கு, இருபத்தெட்டு. பத்து மணி தாண்டி, கட்டியோடு கர்ப்பப்பையை மேலே இழுத்துப் பிடித்தபோது எண் நகரத் தொடங்கியது. நாற்பத்தாறு. ஐம்பத்தெட்டு. நாடி அவ்வளவாகக் கூடவில்லை. ரத்த அழுத்தமும் அப்படியே இருந்தது. அவர் முகம் தூங்கும் முகமாகவே இருந்தது. பெட்டி இல்லாவிட்டால் நாங்கள் எதையும் கவனித்திருக்க மாட்டோம்.

"டாக்டர், எழுபத்திரண்டு" என்றேன்.

ஷைனா டாக்டர் தயாராக வைத்திருந்த மருந்தில் சிறிது செலுத்தினார். இரண்டு நிமிடத்தில் அறுபது, பிறகு நாற்பத்தொன்று, பிறகு முப்பத்தெட்டு. அறுவை முடிந்தபோது கணக்குப் பார்த்தால், வழக்கமாக இந்த அறுவைக்குச் செலவாகும் வலி மருந்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே கொடுத்திருந்தோம். ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் கொடுத்திருந்தோம். டாக்டர் திருப்தியாக இருந்தார். நான் அவரைவிட அதிகத் திருப்தியில் இருந்தேன். வாக்கைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

பதினொன்றரைக்கு அவரைத் தெளியும் அறைக்குக் கொண்டு வந்தோம். அங்கே பெட்டி கிடையாது. விழித்த ஆளிடம் பெட்டி எதற்கு, வாயால் கேட்டுக்கொள்ளலாமே. படிவத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். வலி இல்லை என்றால் பூஜ்யம், தாங்க முடியாத வலி என்றால் பத்து. நாலுக்கு மேல் போனால் ஊசி மருந்து கொடுக்கலாம் என்று டாக்டரின் உத்தரவு. அதற்குக் கீழே என்றால் ஏறிக்கொண்டிருக்கும் சாதாரண மருந்தே போதும்.

பன்னிரண்டு மணிக்குக் கண் விழித்தார். "வலி இருக்குதுங்களாம்மா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினார். பூஜ்யம் என்று எழுதினேன்.

பன்னிரண்டே காலுக்குக் கேட்டேன். "இல்ல பிள்ள" என்றார். பூஜ்யம்.

பன்னிரண்டரைக்கும் அதேதான். வார்டு சிஸ்டர் ஜெஸிந்தா படிவத்தை எட்டிப் பார்த்து, "இப்படி ஒரு பேஷண்ட் கெடைக்கணும்ங்க. சத்தமே இல்ல" என்றார். ஷைனா டாக்டர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். மூன்று பூஜ்யம் என்று நான் சொன்னதும், பெட்டியின் பரிசோதனைக் குறிப்பேட்டில் அதை மறக்காமல் சேர்க்கச் சொல்லிவிட்டு அடுத்த அறுவைக்குப் போனார்.

நாடி நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. ரத்தம் குறைந்தவர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டார். பயம் என்று நினைத்தேன். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. குளிர் என்று நினைத்து இன்னொரு கம்பளி போர்த்தினேன். கண்ணுக்கு முன்னால் இருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். படிவத்தில் பூஜ்யம் இருந்ததால்தான் அந்தக் காரணங்கள் எனக்குக் கிடைத்தன என்று இப்போது தோன்றுகிறது.

பன்னிரண்டே முக்காலுக்குப் பழனியாண்டி வந்தார். கையில் ஃபிளாஸ்க். தேத்தண்ணி கொண்டு வந்திருந்தார். இப்போது எதுவும் குடிக்கக் கூடாது என்று ஜெஸிந்தா சிஸ்டர் அவரைக் கதவருகிலேயே நிறுத்திவிட்டார். ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பெரிய காற்றாடிகளுக்கு நடுவே முப்பது வருடம் பேசிப் பழகிய தொண்டை அவருக்கு. மெதுவாகப் பேசத் தெரியாது. அங்கிருந்தபடியே கேட்டார்.

"நோகுதா, ஆண்டாயி?"

ஆண்டாயி அம்மாவின் முகம் கதவுப் பக்கம் திரும்பியது. அதுவரை காய்ந்து கிடந்த கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது.

"ஏலாதுங்க. உசுரு போகுது."

நான் கட்டிலருகே போய்க் குனிந்தேன். வலி இல்லை என்று மூன்று முறை சொன்னீர்களே அம்மா என்று கேட்டேன். குரல் கெஞ்சலாக வந்தது.

"வலி இல்லத்தான் பிள்ள. கர்ப்பப்பையத்தான் எடுத்துட்டீங்களே, வலி எங்கேருந்து வரும்? வயிறு நோகுது. கடுக்குது. அது வேற."

அவர் பேச்சில் வலி என்றால் பிள்ளை வலி. பிரசவ நேரத்தில் வந்து போவது மட்டும்தான் வலி. மற்றதெல்லாம் நோவு, கடுப்பு, உளைச்சல். மூன்று முறையும் அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். கர்ப்பப்பை எடுத்த பெண்ணிடம் போய்ப் பிரசவ வலி இருக்கிறதா என்று இந்தப் பிள்ளை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறது, ஏதோ ஆஸ்பத்திரி வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தாராம். பின்னால்தான் சொன்னார்.

இதில் எனக்குச் சொல்லிக்கொள்ளச் சமாதானம் எதுவும் இல்லை. என் அம்மாவும் கொழுந்து எடுப்பவர். கோத்தகிரிப் பக்கம், அதே போலக் கப்பலில் வந்த குடும்பம். என் அம்மாவுக்குத் தலை நோகும், கால் உளையும், முதுகு கடுக்கும். அவர் வாயில் வலி என்ற சொல்லை என் தம்பி பிறந்த அன்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் படிக்கும்போது ஹாஸ்டலில் நான் 'ஏலாது' என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரு வருடத்தில் அந்தப் பேச்சை விட்டேன். அவர்களைப் போலவே 'ங்க' போட்டுப் பேசினேன். பேசிப் பேசி, கேட்கும் காதும் மாறிவிட்டது போல.

ஷைனா டாக்டரை அழைக்க ஓடுவதற்கு முன், படிவத்துக்கு ஒரு எண் வேண்டும் என்று ஆண்டாயி அம்மாவிடம் கேட்டேன். இந்த முறை சரியாகக் கேட்டேன். நோவு எவ்வளவு, பத்துக்கு எத்தனை.

"பத்துன்னா எம்புட்டு?"

தாங்கவே ஏலாதது என்றேன்.

"தாங்கிக்கிட்டுத்தானே கெடக்கேன். தாங்க ஏலாதுன்னு எப்புடிச் சொல்லுறது?" மூச்சு வாங்கினார். "நீ கிலோவுல கேளு."

எத்தனை கிலோ என்று கேட்டேன்.

"நாப்பது. நனைஞ்ச கொழுந்து. ஏத்தத்துல."

மலைச் சரிவில் எடுத்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, துணியைச் சுருட்டிய சும்மாட்டின் மேல் தலையில் வைத்துக்கொண்டு எடை போடும் கொட்டகைக்கு நடக்க வேண்டும். மழை நாளில் இலையோடு தண்ணீரும் சேர்ந்து கனக்கும். நாற்பது கிலோ என்றால் கிட்டத்தட்ட அவர் எடைக்குச் சமம். நான் ஒன்பது என்று எழுதினேன். பக்கத்தில் அவர் சொன்னதையும் எழுதினேன்.

டாக்டர் உடனே வந்தார். கொஞ்சம் மருந்து செலுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, மறுபடி கொஞ்சம். ஒவ்வொரு முறையும் நான் கேட்டேன். முப்பது, ஏற்றம்தான் என்றார். பிறகு முப்பது, சமதரை வந்துவிட்டது என்றார். கம்பியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பதினைந்து, இறக்கம். பழனியாண்டி கதவருகே ஃபிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவர், "எறக்கத்துல கால் வழுக்கும், பாத்து" என்றார். ஆண்டாயி அம்மா கண்ணை மூடியபடியே, "ஆமா, இவரு தூக்கிப் பழகினவரு மாதிரி" என்றார். அதற்குப் பிறகு தூங்கிப்போனார். நாடி எண்பத்தெட்டு. மூச்சு ஆழமாக, ஒரே சீராக வந்தது.

சாயங்காலம் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த மூன்று பூஜ்யங்களையும் அழிக்க முடியாது, அழிக்கவும் கூடாது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு போட்டு, கேள்வி புரியும்படி கேட்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பரிசோதனைக் குறிப்பேட்டிலும் அப்படியே எழுதினேன். ஷைனா டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை முழுதும் படித்துவிட்டுக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எத்தன பேருகிட்ட இப்படிக் கேட்டிருப்போம் கோகிலா?"

அடுத்த இரண்டு நாள் மதிய நேரத்தில் பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். தோட்டத்து முகவரி எழுதிய பெண்கள் என் பத்து மாதத்தில் பதினொரு பேர். அதில் ஏழு பேருக்குப் பூஜ்யமும் ஒன்றுமாகவே இருந்தது. அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே நோகவில்லை, எத்தனை பேர் வேறு கேள்விக்குப் பதில் சொன்னார்கள் என்று அந்தத் தாள்களில் எழுதியிருக்கவில்லை. ஏழு பேரில் ஒருவர் முகம்கூட எனக்கு நினைவு வரவில்லை.

மூன்றாம் நாள் ஆண்டாயி அம்மா வார்டில் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். நடையின் பாதியில் அவரிடம் சொன்னேன், நான் குன்னூர் இல்லை, கோத்தகிரிப் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த பிள்ளை என்று. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார் என்றும் சொன்னேன். நின்று, என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"தெரியும். மொத நாளே தெரியும். பெட்டியத் தூக்கினப்ப ரெண்டு கையாலயும் தலைக்குக் கொண்டு போற மாதிரித்தான் தூக்கின."

தெரிந்தும் ஏன் கேட்டீர்கள் என்றேன். நீயே சொல்லட்டும் என்றுதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு மறுபடி நடந்தார்.

வீட்டுக்குப் போகும்போது ஜெஸிந்தா சிஸ்டர் அவருக்கு வழக்கமான அறிவுரைகளைச் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஆண்டாயி அம்மா பழனியாண்டியைப் பார்த்தார். லயத்தில் தண்ணீர்க் குடம் எத்தனை கிலோ தெரியுமா என்று கேட்டார். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். தெரிந்தவர் மாதிரிதான் இருந்தது.

பத்தாம் நாள் தையலைப் பார்க்க இருவரும் வந்தார்கள். மலைப்பாதையின் அத்தனை வளைவுகளையும் தாண்டி நாலு மணி நேரப் பஸ் பயணம். முகம் வெளிறித்தான் இருந்தது. ஆனால் படியில் நிற்காமல் ஏறி வந்தார். புறநோயாளிப் பிரிவு என் வேலையிடம் இல்லை. இருந்தாலும் அரங்கிலிருந்து இறங்கிப் போனேன்.

"நோகுதா, சின்னம்மா?" என்று கேட்டேன்.

அவர் மோதிர விரலை நீட்டினார். "பெட்டிய மாட்டிப் பாரேன்."

அது மயக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான், விழித்திருப்பவர்களை வாயால்தான் கேட்க வேண்டும் என்றேன்.

விரலை மடக்கிக்கொண்டு யோசித்தார். தன் வயிற்றுக்குள்ளே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வருகிறவர் போல இருந்தார். நான் காத்திருந்தேன்.

"சாக்க எறக்கியாச்சு பிள்ள" என்றார். "சும்மாடு மட்டும் இன்னும் தலையில இருக்கு."

படிவத்தில் ஒன்று என்று எழுதினேன். பக்கத்தில், இடம் போதாமல் விளிம்பில் வளைத்து, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.